நிரப்பவும் நிறுத்தவும்: 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு சார்ஜர்

12 வோல்ட் பேட்டரி ஒன்றை 12 வோல்ட் அடாப்டருடன் இணைத்து நாள் முழுக்க வைத்திருந்தாலும் அது நிறையாது. அதே பேட்டரியை 18 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் நான்கு டயோடுகளும் மட்டும் உள்ள ஒரு சுற்றில் மாட்டி அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் சூடேறும். உள்ளிருக்கும் நீரை இழக்கும். நாளடைவில் உப்பிப் பயனற்றுப் போகும். குறைத்துக் கொடுத்தால் ஏறுவதில்லை, கூட்டிக் கொடுத்தால் கெடுகிறது. எப்போதும் இணைத்தே வைக்கக்கூடிய பாதுகாப்பான இடைவெளி அரை வோல்ட்கூட அகலமில்லாதது. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து அங்கேயே நிற்பதுதான் சார்ஜரின் வேலை.

எலெக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்குபவர்களுக்குச் சார்ஜரைப் போல நல்ல பயிற்சி வேறு அதிகம் இல்லை. அதில் உள்ள பாகங்கள் கொஞ்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் மல்டிமீட்டரை வைத்து, நடப்பதை எண்ணாகப் பார்த்துவிடலாம். இங்கே எடுத்துக்கொள்வது எமர்ஜென்சி விளக்கிலும் கணினி யு.பி.எஸ்ஸிலும் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய ஈய-அமில பேட்டரி. ஆம்பியர்-மணி என்பது கொள்ளளவு. இந்தப் பேட்டரி 0.35 ஆம்பியர் மின்னோட்டத்தை 20 மணி நேரம் தரும் என்பதே 7 ஆம்பியர்-மணியின் பொருள்.

பேட்டரிக்குள் நடப்பது

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும் தனி மின்கலம். ஒவ்வொரு கலத்திலும் இருவகைத் தகடுகள் நீர்த்த கந்தக அமிலத்தில் நனைந்திருக்கும். நேர்மின் தகட்டில் கரும்பழுப்பு நிற ஈய டை ஆக்சைடு. எதிர்மின் தகட்டில் பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த ஈயம். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு தகடுகளும் மெல்ல மெல்ல ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அதற்கு வேண்டிய சல்பேட்டை அமிலம் கொடுக்கிறது; அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னோட்டத்தை வெளியிலிருந்து எதிர்த்திசையில் செலுத்தினால் இந்த மாற்றம் பின்னோக்கி நடக்கும். சல்பேட் தகடுகளை விட்டு அமிலத்துக்குத் திரும்பும். இதுவே மின்னேற்றம், அதாவது சார்ஜ் செய்தல்.

பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே இந்த வகைக் கலத்தை 1859-இல் உருவாக்கினார். அப்போது பயன்படத்தக்க டைனமோ கிடையாது. ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்றிருந்த அந்தக் காலத்துக் கலங்களைக் கொண்டே அவர் தம் புதிய கலத்தை மீண்டும் மீண்டும் நிரப்பினார்.

தகடுகள் இரண்டிலும் சல்பேட் சேர்கிறது என்பது எப்படித் தெரியும்? 1882-இல் ஜான் ஹால் கிளாட்ஸ்டன், ஆல்ஃபிரட் டிரைப் என்ற இங்கிலாந்து வேதியியலாளர்கள் இக்கருத்தை முன்வைத்தார்கள். இது உண்மையானால் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறோமோ அதற்கு ஏற்ற அளவில் அமிலமும் குறைந்தாக வேண்டும். குறைகிறதா என்று பார்ப்பது எளிது. கந்தக அமிலம் நீரைவிடக் கனமானது. அது குறையக் குறையக் கரைசல் இலேசாகும். பேட்டரி கடைகளில் ரப்பர் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குச்சி எந்தக் கோடுவரை அமிழ்கிறது என்று பார்ப்பார்கள். ஹைட்ரோமீட்டர் என்னும் அந்தக் கருவி நிறைந்த பேட்டரியில் 1.28 அளவும், தீர்ந்த பேட்டரியில் 1.12 அளவும் காட்டும். நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பதே இந்த எண். இதற்கு ஒப்படர்த்தி என்று பெயர்.

மூடிய பேட்டரியில் அமிலத்தை உறிஞ்சிப் பார்க்க வழியில்லை. ஆனால் கலத்தின் மின்னழுத்தமும் அமிலத்தின் செறிவைப் பொறுத்ததே. ஒப்படர்த்தியுடன் 0.84-ஐக் கூட்டினால், ஓய்வில் இருக்கும் கலத்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய வந்துவிடும். மூடிய பேட்டரிகளில் சற்றுச் செறிவான அமிலம் இருப்பதால் நிறைந்த கலம் 2.14 வோல்ட் காட்டும். ஆறு கலம் சேர்ந்து 12.8 வோல்ட். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டபின் மல்டிமீட்டரில் 12.8 தெரிந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.0-க்கு வந்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. கையில் ஹைட்ரோமீட்டர் இல்லாதவருக்கு மல்டிமீட்டரே அந்த வேலையைச் செய்கிறது.

12 வோல்ட் ஏன் போதாது

இப்போது முதல் புதிருக்கு விடை தெரிந்துவிடுகிறது. மின்னோட்டம் அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்குத்தான் பாயும். ஏறக்குறைய தீர்ந்துபோன பேட்டரியே 12 வோல்ட் காட்டும் என்றால், 12 வோல்ட் அடாப்டர் அதற்குள் எதையும் தள்ள முடியாது. பெட்டியின்மேல் அச்சிட்ட 12 என்பது ஆறு கலங்களைக் குறிக்கும் பெயர் மட்டுமே. நிரப்புவதற்கு வெளியிலிருக்கும் அழுத்தம் 12.8-ஐ மிஞ்சியே தீர வேண்டும்.

எவ்வளவு மிஞ்சலாம்? இதற்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன.

முதல் எல்லை மின்னோட்டத்துக்கானது. இவ்வகைப் பேட்டரியின் அகத்தடை, அதாவது உள்ளேயே இருக்கும் மின்தடை, மிகவும் சிறியது; ஓர் ஓமின் நாற்பதில் ஒரு பங்கு அளவு. வெளியே ஒரு வோல்ட் மட்டும் கூடுதலாக இருந்தாலும், அகத்தடையை மட்டும் வைத்துப் பார்த்தால் 40 ஆம்பியர் பாய இடமுண்டு. வேதிமாற்றத்தின் வேகம் அதைக் குறைத்துவிடும் என்றாலும், தீர்ந்த பேட்டரி முதல் சில நிமிடங்களில் டிரான்ஸ்பார்மரையும் டயோடுகளையும் எரித்துவிடும் அளவுக்கு இழுக்கும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது நெடுங்கால வழக்கிலுள்ள பாதுகாப்பான அளவு. 7 ஆம்பியர்-மணிக்கு 0.7 ஆம்பியர்.

இரண்டாம் எல்லை மின்னழுத்தத்துக்கானது. தகடுகளில் உள்ள சல்பேட் தீர்ந்துகொண்டே வரும்போது உள்ளே வரும் மின்சாரத்துக்கு வேலை குறைகிறது. அதையும் மீறித் தள்ளினால் அது நீரைப் பிரிக்கத் தொடங்கும். நேர்மின் தகட்டில் ஆக்சிஜனும் எதிர்மின் தகட்டில் ஹைட்ரஜனும் குமிழியிடும். இதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர். ஒரு கலம் 2.4 வோல்ட்டைத் தொடும்போது, அதாவது பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும்போது, இது வேகமெடுக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருப்பதன் முதன்மைக் காரணம் இதுவே. அங்கே நீர் ஆவியாவதைவிட, வாயுவாகப் பிரிந்து போவதுதான் அதிகம்.

மூடிய பேட்டரியில் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கிறது. அங்கே உண்டாகும் ஆக்சிஜன் எதிர்மின் தகட்டை அடைந்து மறுபடி நீராகிவிடும். ஆனால் மிதமாக உண்டாகும் வரைதான் இது நடக்கும். வாயு அதிகமானால் மேலேயுள்ள ரப்பர் வால்வு திறந்து வெளியேற்றிவிடும். போன நீரைத் திரும்ப ஊற்ற வழியே இல்லை. எந்நேரமும் பிளக்கிலேயே மாட்டிக் கிடக்கும் மலிவான எமர்ஜென்சி விளக்கின் பேட்டரி விரைவிலேயே வறண்டுபோவது இதனால்தான். அதிலுள்ள சார்ஜருக்குக் கொடுக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

குறுகிய கழுத்துப் புட்டியில் புனல் வைத்து எண்ணெய் ஊற்றும்போது கை தானாகச் செய்வதைச் சார்ஜரும் செய்ய வேண்டும். முதலில் புனல் தாங்கும் வேகத்தில் சீராக ஊற்றுவோம். கழுத்தை எட்டும்போது வேகத்தைக் குறைத்து, நிறையும் நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவோம். முதல் கட்டத்தில் வேகம் மாறாது; இரண்டாம் கட்டத்தில் மட்டத்தின்மீதுதான் கண். சார்ஜரில் முதல் கட்டத்துக்கு மாறா மின்னோட்டம் என்றும், இரண்டாவதற்கு மாறா மின்னழுத்தம் என்றும் பெயர். இங்கே செய்யப்போகும் சார்ஜரின் எல்லைகள்: மின்னோட்டம் 0.7 ஆம்பியர், மின்னழுத்தம் 13.8 வோல்ட். 13.8 வோல்ட்டில் நிறுத்தினால் நிரம்புவதற்கு நேரம் கூடுதலாக ஆகும். அதற்கு ஈடாக, மறந்துபோய் வாரக்கணக்கில் மாட்டி வைத்தாலும் பேட்டரி கெடாது.

சுவர் பிளக்கிலிருந்து பேட்டரிவரை

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 சுற்றுகள் முன்னும் பின்னும் ஆடும். பேட்டரிக்கோ ஒரே திசையில் பாயும் நேர்திசை மின்சாரம்தான் வேண்டும். மூன்று பாகங்கள் இந்த மாற்றத்தைச் செய்கின்றன.

முதலாவது டிரான்ஸ்பார்மர், தமிழில் மின்மாற்றி. ஒரே இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள். முதல் சுருளில் ஆடும் மின்சாரம் இரும்பில் ஆடும் காந்தப்புலத்தை உண்டாக்க, அந்தக் காந்தப்புலம் இரண்டாம் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. சுற்றுகளின் எண்ணிக்கை எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் வோல்ட்டும் குறையும். இங்கே வேண்டியது 18 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் எளிதில் கிடைக்கும்.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைப்பதோடு நிற்பதில்லை. இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது என்பதால் வீட்டு மின்சாரம் பேட்டரியின் பக்கம் வர வழியில்லை. பல கொசு மட்டைகளிலும் மலிவான டார்ச்களிலும் டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக ஒரு சிறிய மின்தேக்கியை வைத்தே மின்னோட்டத்தைக் குறைத்திருப்பார்கள். அந்தச் சுற்றில் எந்தக் கம்பியைத் தொட்டாலும் 230 வோல்ட் தாக்கக்கூடும். கற்கத் தொடங்குபவர் அந்த வகைச் சுற்றின் பக்கமே போகக் கூடாது.

இரண்டாவது மின்திருத்தி. டயோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம். நான்கு டயோடுகளைச் சாய்சதுர வடிவில் இணைத்தால் மின்சாரம் எந்தப் பக்கம் ஆடினாலும் வெளியே ஒரே திசையில்தான் வரும். இதைப் பாலச் சுற்று என்பார்கள். நான்கும் ஒரே உறையில் அடங்கிய பிரிட்ஜ் ரெக்டிஃபையராகவும் விற்கிறது. 4 ஆம்பியர் தாங்கக்கூடியது போதும்.

மூன்றாவது மின்தேக்கி. பாலச் சுற்றிலிருந்து வரும் மின்சாரம் ஒரே திசையில் பாய்ந்தாலும் நொடிக்கு 100 முறை உச்சிக்கு ஏறி, சுழிக்கு இறங்குகிறது. 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி உச்சியில் நிரம்பி, பள்ளத்தில் தன்னிடம் உள்ளதைக் கொடுத்து அந்த ஏற்ற இறக்கத்தை ஒன்றரை வோல்ட் அளவுக்குக் குறைத்துவிடும்.

பாலச் சுற்றுக்கு 1895-இல் காப்புரிமை கோரிய போலந்துக்காரர் கரோல் போலாக், அலுமினியத் தகட்டின்மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கொண்டு மின்பகுளி மின்தேக்கி செய்யலாம் என்று கண்டவரும் ஆவார். அவர் பேட்டரி தயாரித்தவர். ஆகவே, இந்தச் சார்ஜரின் இரண்டு பாகங்கள் பேட்டரித் தொழிலில் இருந்த ஒருவரிடமிருந்தே வந்தவை.

இந்த இடத்தில் மல்டிமீட்டரை வைத்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர்தான். ஆனால் மின்தேக்கியின் முனைகளில் 25 வோல்ட்டுக்கு மேல் தெரியும். காரணம், மாறுதிசை மின்சாரத்துக்கு நாம் சொல்லும் 18 என்பது ஆடும் அலையின் ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி அதைப்போல் 1.41 மடங்கு. மின்தேக்கி உச்சிவரை நிரம்பிவிடுகிறது. மேலும், எதுவும் இழுக்காதபோது டிரான்ஸ்பார்மரே 18-ஐவிடச் சற்று அதிகமாகத் தரும். அதனால் மின்தேக்கி 50 வோல்ட் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். 25 வோல்ட் வகையை வைத்தால் வெடித்துவிடலாம்.

ஒரே சில்லு, இரண்டு காவல்

25 வோல்ட்டை அப்படியே பேட்டரிக்குக் கொடுக்க முடியாது. அங்கேதான் சீராக்கி வருகிறது. எல்.எம். 317 என்ற மூன்று கால் சில்லை 1970-களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் வடிவமைத்தார். இன்றும் அது மலிவாகக் கிடைக்கிறது. எழுத்து அச்சிட்ட முகம் நம்மைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து வலமாகச் சரிசெய்யும் கால், வெளியீட்டுக் கால், உள்ளீட்டுக் கால்.

இந்தச் சில்லு செய்வது ஒன்றே ஒன்று. வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய்யும் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி தன் வழியே பாயும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொள்ளும். 1.25 என்பது அதற்கு எப்படித் தெரியும்? சூடு ஏறினால் டிரான்சிஸ்டரின் ஒரு சந்தியில் உள்ள மின்னழுத்தம் குறையும். அடர்த்தி வேறுபட்ட மின்னோட்டம் பாயும் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான வேறுபாடோ சூடு ஏறினால் கூடும். குறைவதையும் கூடுவதையும் தக்க அளவில் சேர்த்தால் சூட்டினால் மாறாத ஓர் அளவு கிடைக்கிறது. சிலிக்கானில் அது 1.25 வோல்ட்டை ஒட்டி அமைகிறது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாப் விட்லர் நடைமுறைக்குக் கொண்டுவந்த இந்த உத்திதான் சில்லுக்குள் இருக்கும் அளவுகோல்.

இந்த ஒரே குணத்தை வைத்து இரண்டு எல்லைகளையும் காக்கலாம். அதற்கு இரண்டு சில்லுகள் வேண்டும்.

முதல் சில்லு மின்னோட்டக் காவல். அதன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய்யும் காலுக்கும் நடுவே 1.8 ஓம் மின்தடையம் ஒன்றை வைத்து, பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவே போகச் செய்ய வேண்டும். மின்தடையத்தில் 1.25 வோல்ட்டுக்கு மேல் ஏறச் சில்லு விடாது. ஆகவே அதன் வழியே 0.69 ஆம்பியருக்கு மேல் பாயவும் முடியாது. இந்த மின்தடையம் ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சூட்டை வெளியிடும். 5 வாட் வெள்ளைப் பீங்கான் வகையை வைத்தால் கவலையில்லை.

முதல் சில்லை அடுத்துத் தொடராக வரும் இரண்டாம் சில்லு மின்னழுத்தக் காவல். அதன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய்யும் காலுக்கும் நடுவே 240 ஓம் மின்தடையம். சரிசெய்யும் காலிலிருந்து எதிர்முனைக்கு 2 கிலோ ஓம் மின்தடையமும் அதோடு தொடராக 1 கிலோ ஓம் பிரீசெட்டும், அதாவது திருகி மாற்றக்கூடிய மின்தடையமும். 240 ஓமில் 1.25 வோல்ட் மாறாமல் நிற்பதால் அதன் வழியே ஓடும் சிறு மின்னோட்டமும் மாறாது. அதே மின்னோட்டம் கீழேயுள்ள மின்தடையங்களில் தனக்குரிய வோல்ட்டை எழுப்புகிறது. பிரீசெட்டைத் திருகினால் அந்த வோல்ட் கூடும், குறையும். பிரீசெட்டின் நடுக்காலை ஓர் ஓரக்காலுடன் சேர்த்துப் பற்றவைத்துவிட வேண்டும். நாள்பட்டு உள்ளே தொடர்பு விட்டுப்போனாலும் வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறாதிருக்க இது உதவும்.

இரண்டாம் சில்லுக்கும் பேட்டரிக்கும் இடையே 3 ஆம்பியர் டயோடு ஒன்று. மின்வெட்டு நேரத்தில் பேட்டரி பின்னோக்கிச் சில்லுகளுக்குள் வடிந்துவிடாமல் அது தடுக்கும்.

15 வோல்ட் போதாதா, 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் எதற்கு என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஒவ்வொரு சில்லும் வேலை செய்ய 2 வோல்ட் அளவு தனக்கென எடுத்துக்கொள்ளும். மின்தடையத்தில் 1.25, டயோடில் ஏறக்குறைய 0.7. இவை எல்லாவற்றையும் 13.8-உடன் கூட்டினால் 20 வோல்ட்டை நெருங்குகிறது. மின்தேக்கியின் பள்ளத்திலும் அவ்வளவு இருந்தால்தான் காவல் இரண்டும் ஒழுங்காக நடக்கும்.

சூடு போகும் வழி

உள்ளே வரும் வோல்ட்டுக்கும் பேட்டரிக்குப் போகும் வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு சூடாகத்தான் வெளியேற வேண்டும். தீர்ந்த பேட்டரியை மாட்டிய நேரத்தில் 23 வோல்ட் வந்து 12 வோல்ட் போகிறது என்றால், 11 வோல்ட்டும் 0.69 ஆம்பியரும் பெருகி 8 வாட்டை நெருங்கும் சூடு. இதில் பெரும்பங்கு முதல் சில்லின்மேல் விழுகிறது. உலோகத் தகடு இல்லாமல் இந்தச் சில்லு 2 வாட்டுக்கு மேல் தாங்குவது கடினம். அளவு மீறிச் சூடேறினால் அது தானே நின்றுவிடும் என்றாலும் அதை நம்பிச் செய்வது முறையல்ல. அலுமினிய ஹீட் சிங்க் கட்டாயம்.

தொடக்கநிலையினர் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்.எம். 317-இன் முதுகில் இருக்கும் உலோகத் தகடு அதன் வெளியீட்டுக் காலோடு உள்ளேயே இணைந்தது. இரண்டு சில்லுகளையும் ஒரே அலுமினியத் தகட்டில் திருகிவிட்டால் இரண்டின் வெளியீடுகளும் ஒன்றாகிவிடும், காவல் கெட்டுவிடும். ஒவ்வொரு சில்லின் அடியிலும் மைக்காத் தாளும் திருகுக்குப் பிளாஸ்டிக் வளையமும் வைக்க வேண்டும். மைக்கா சூட்டை விடும், மின்சாரத்தை விடாது. அதன் இருபுறமும் வெப்பம் கடத்தும் வெள்ளைப் பசையை மெலிதாகத் தடவினால் சூடு இன்னும் எளிதில் இறங்கும். முடித்ததும் சில்லின் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்பு ஒலி வரக் கூடாது.

பூட்டுவதும் சோதிப்பதும்

230 வோல்ட் பகுதிதான் உயிருக்கு ஆபத்தானது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகே அதில் கைவைக்க வேண்டும். பள்ளி மாணவர்கள் விவரம் தெரிந்த பெரியவர் அருகிலிருக்கச் செய்ய வேண்டும். மூன்று முள் பிளக், 500 மில்லி ஆம்பியர் பியூஸ், வெற்றுக் கம்பி தெரியாதபடி மூடும் குழாயுறை ஆகிய மூன்றும் தவிர்க்க முடியாதவை. பெட்டி உலோகமானால் எர்த் கம்பியை அதில் இறுக்கித் திருக வேண்டும். பேட்டரிப் பக்கம் நேர்முனைக் கம்பியில், பேட்டரிக்கு அருகிலேயே 2 ஆம்பியர் பியூஸ் வைக்க வேண்டும். 7 ஆம்பியர்-மணிப் பேட்டரியின் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் நூறு ஆம்பியருக்கும் மேல் பாய்ந்து கம்பியை உருக்கிவிடும். நேர்முனைக்குச் சிவப்பு, எதிர்முனைக்குக் கறுப்பு என்பதை மாற்றவே கூடாது. தலைகீழாக மாட்டினால் தொடரில் உள்ள டயோடு காப்பாற்றாது.

பேட்டரியை மாட்டுமுன் இரண்டு சோதனைகள். முதலில் வெளியீட்டு முனைகளில் 1 கிலோ ஓம் மின்தடையத்தை மட்டும் வைத்து, பிரீசெட்டைத் திருகி மல்டிமீட்டரில் 13.8 வோல்ட் வரச் செய்ய வேண்டும். மின்தடையம் எதற்கு? டயோடு விழுங்கும் வோல்ட் அதன் வழியே பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. நிறைந்த பேட்டரி இழுப்பதைப்போன்ற சிறிய மின்னோட்டத்தை இந்த மின்தடையம் இழுக்கும். அந்த நிலையில் 13.8 வைத்தால் அதுவே நிறைந்த பேட்டரிக்கும் கிடைக்கும்.

இரண்டாவது, வெளியீட்டில் 12 வோல்ட், 10 வாட் வாகன பல்பு ஒன்றை மாட்டிப் பார்ப்பது. 13.8 வோல்ட்டில் அது 0.8 ஆம்பியருக்கு மேல் இழுக்க முயலும். முதல் சில்லு விடாது. பல்பு மங்கலாக எரியும். வெளியீட்டு வோல்ட் 13.8-க்கு வெகுவாகக் கீழே இறங்கியிருக்கும், 1.8 ஓம் மின்தடையத்தின் இரு முனைகளில் மீட்டரை வைத்தால் 1.25 காட்டும். மின்னோட்டக் காவல் விழித்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

நிறைவதை அளந்து பார்த்தல்

அந்த 1.8 ஓம் மின்தடையம் சார்ஜ் ஆகும் நேரம் முழுவதும் ஓர் அளவுகோலாகப் பயன்படும். கம்பியை வெட்டி ஆம்பியர் மீட்டரை நுழைக்கத் தேவையில்லை; மின்தடையத்தின்மேல் உள்ள வோல்ட்டை 1.8-ஆல் வகுத்தால் பாயும் ஆம்பியர் தெரிந்துவிடும்.

தீர்ந்த பேட்டரியை மாட்டியதும் அங்கே 1.25 வோல்ட் தெரியும். மணிக்கணக்கில் அது மாறாது. பேட்டரியின் வோல்ட் மட்டும் 12-லிருந்து மெதுவாக ஏறிக்கொண்டே போகும். 13.6-ஐத் தாண்டும்போது மின்தடையத்தின் அளவு இறங்கத் தொடங்கும். முதல் சில்லு வழிவிட்டு, இரண்டாம் சில்லு பொறுப்பேற்கும் நேரம் அது. இனிப் பேட்டரியின் வோல்ட் ஏறக்குறைய நிலையாக நிற்க, மின்னோட்டம் 0.5 ஆம்பியர், 0.3, 0.1 என்று குறைந்துகொண்டே வரும். யாரும் சுவிட்சைத் தொடவில்லை. பேட்டரியின் சொந்த வோல்ட் வெளி வோல்ட்டை நெருங்கிவிட்டதால் தள்ளுவதற்கு மிச்சமில்லை. மின்தடையத்தில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாக, அதாவது 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு வந்துவிட்டால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம். அதிலும் 5 மில்லி ஆம்பியர் இரண்டாம் சில்லின் மின்தடையங்களுடைய செலவு. முழுவதும் தீர்ந்த பேட்டரிக்கு இவை எல்லாம் நடந்து முடிய 15 மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

தீர்ந்த பேட்டரியை நிரப்பாமல் போட்டு வைப்பதும் அதைக் கொல்லும். தகடுகளில் உள்ள சல்பேட் முதலில் நுண்ணிய துகள்களாக இருக்கும், எளிதில் கரையும். வாரக்கணக்கில் விட்டால் அது பெரிய, கெட்டியான படிகங்களாக வளர்ந்து மின்னேற்றத்துக்கு இணங்காது. இதைச் சல்பேட் படிதல் என்பார்கள். பேட்டரி 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை பயன்படுத்தாமல் இருப்பதும், பயன்படுத்திய அன்றே சார்ஜரில் மாட்டுவதும் அதன் ஆயுளை நீட்டிக்கும்.

வெப்பமும் எல்லைகளும்

13.8 வோல்ட் என்பது 25 பாகை செல்சியசுக்குச் சொன்ன அளவு. சூடு கூடினால் வேதிமாற்றம் விரைவாகும். அதே வோல்ட்டில் கூடுதல் வாயு உண்டாகும். ஒவ்வொரு பாகைக்கும் 0.02 வோல்ட் வீதம் குறைப்பது வழக்கம். தமிழ்நாட்டு வீடுகளில் கோடையில் அறை 35 பாகை இருப்பது இயல்பு என்பதால் இங்கே பிரீசெட்டை 13.6 வோல்ட்டில் வைப்பதே பொருத்தம். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பொறியில் பற்றும். அதனால் மூடிய அலமாரிக்குள் சார்ஜ் செய்யக் கூடாது.

சிறிய பேட்டரிக்கு இதே சுற்றை மாற்றிக்கொள்வது எளிது. 4.5 ஆம்பியர்-மணிப் பேட்டரி என்றால் 1.8 ஓமுக்குப் பதில் 2.7 ஓம் வைத்தால் மின்னோட்டம் 0.46 ஆம்பியராகிவிடும்; மின்னழுத்தப் பகுதியைத் தொட வேண்டியதில்லை. பெரிய பேட்டரிக்கு இந்தச் சில்லு ஏற்றதல்ல. 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி கேட்கும் 15 ஆம்பியரை இந்த முறையில் கொடுத்தால் வீணாகும் சூடே நூறு வாட்டைத் தாண்டிவிடும். அங்கே மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை விட்டு நிறுத்தும் ஸ்விட்சிங் வகைச் சார்ஜர்கள் வேண்டும்.

இந்தச் சார்ஜர் ஈய-அமில பேட்டரிக்கு மட்டுமே உரியது. கைப்பேசியில் உள்ள லித்தியம்-அயனி கலத்துக்கும் முதலில் மாறா மின்னோட்டம், பிறகு மாறா மின்னழுத்தம் என்ற அதே ஒழுங்குதான். ஆனால் பெரும்பாலான வகைகளில் அதன் எல்லை கலத்துக்கு 4.2 வோல்ட், நூற்றில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது, நிறைந்தபின் மின்னோட்டத்தை அறவே துண்டித்துவிட வேண்டும். மீறினால் தீப்பிடிக்கும். அதற்கென்றே செய்த சில்லும் பாதுகாப்புச் சுற்றும் இல்லாமல் வீட்டில் அதை முயலக் கூடாது. நிக்கல் வகைக் கலங்களுக்கோ ஒழுங்கே வேறு. நிறைந்ததும் அவற்றின் வோல்ட் ஏறி நிற்காமல் சற்றே சரியும். அந்தச் சரிவைக் கண்டுபிடித்தே அவற்றின் சார்ஜர் நிறுத்துகிறது. எந்தப் பேட்டரிக்குச் சார்ஜர் செய்தாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: எவ்வளவு மின்னோட்டம் தாங்கும், எந்த வோல்ட்டில் நிறையும், நிறைந்ததை எதைக் கொண்டு அறிவது. இம்மூன்றுக்கும் அந்தக் கலத்தின் வேதியியல்தான் விடை சொல்லும். பாகங்களைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகே.